நிலமும் பொழுதும் வெங்காயமும்

செல்வர் இல்லத்து அடுக்களையிலும் வறியோர் குடிலிலும் ஒருங்கே இடம்பெறும் பொருள்கள் மிகச் சிலவே. உப்பு ஒன்று, வெங்காயம் மற்றொன்று. கூழுக்குத் துணையாக அதனைக் கடித்துக்கொள்வாரும் உளர்; நெய்யில் வதக்கி விருந்து சமைப்பாரும் உளர். வெங்காயம் என்னும் பெயரை வெம்மை, காயம் எனப் பிரித்துப் பொருள் கூறுவர். காயம் என்பது ஈண்டு உடம்பையோ புண்ணையோ குறிப்பதன்று. உறைப்பும் மணமும் மிக்க கறிச்சரக்கைக் குறிப்பது. பெருங்காயம் என்பதிலும் இச்சொல்லே பயில்கின்றது. உள்ளி, ஈருள்ளி என்பனவும் இதன் பெயர்களே.

கடையில் நாம் 'வெங்காயம்' என்று ஒரு சொல்லால் கேட்டு வாங்குகின்றோம். உழவருக்கோ அது பற்பல இரகங்களாக நிற்கின்றது. அவற்றுள் எதனை விதைப்பது என்பது ஒவ்வொரு பருவத்திலும் அவர் விடை காணவேண்டிய வினா. நாற்றங்காலில் விதை தூவிய பின்னர் அவ்விடையை மாற்றிக்கொள்ள இயலாது. அவருடைய நான்கைந்து திங்கள் உழைப்பும், சில வேளைகளில் கடன்பட்டுப் பெற்ற பொருளும் அந்த ஒரு முடிவில் அடங்கிக் கிடக்கின்றன.

"நல்ல இரகம் எது?" என்று வினவினால், "மிகுதியாக விளைவதே நல்ல இரகம்" என்று எவரும் எளிதில் விடையிறுப்பர். அவ்விடை குறையுடையது. எங்கே மிகுதியாக விளைவது? எப்பொழுது விளைவது? ஓராண்டு விளைந்தது மறுவாண்டும் விளையுமா? தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வகை வினாக்கள் புதியன அல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறும். மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருளாகி அவற்றைச் சார்ந்து அமையும். அது பாட்டுக்கு உரிய இலக்கணமே. அதனை இழுத்துப் பிடித்து வேளாண்மை நூலாக்க முயல்வது மிகையாகும். எனினும், நிலமும் பொழுதும் முன்னிற்கப் பயிர் அவற்றின் வழிப்படும் என்னும் வைப்புமுறை, வெங்காயத்திற்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றது.

அஃது எவ்வாறு எனக் காண்போம். நாம் உண்ணும் வெங்காயம் வேரும் அன்று, காயும் அன்று. இலைகளின் அடிப்பகுதிகள் உணவைச் சேமித்துத் தடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்து உருவான குமிழே அது. அடியில் வேர்கள் தொங்கும் தட்டையான சிறு வட்டுத்தான் அதன் தண்டு. செடி எத்துணை நாள் இலைவிடும், எந்நாளில் குமிழ்கட்டத் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பகற்பொழுதின் நீளமாகும். 1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பகலிரவுகளின் நீளம் செடிகளின் பூப்பினை ஆள்கின்றது என்பதைப் புகையிலை முதலிய பயிர்களைக் கொண்டு நிறுவினர். வெங்காயம் குமிழ்கட்டுவதையும் அதுவே ஆள்கின்றது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

வெங்காயத்தில் குறும்பகல் இரகங்கள் உண்டு. நெடும்பகல் இரகங்களும் உண்டு. முன்னவை பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமாக இருக்கும்போதே குமிழ்கட்டும். பின்னவற்றிற்குப் பதினான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பகல் வேண்டும். கோயம்புத்தூரில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணி நேரத்தை எட்டுவதில்லை. இலண்டன் மாநகரில் சூன் திங்களின் பகல் பதினாறு மணி நேரத்தைக் கடக்கும். ஆகவே இங்கிலாந்தின் நெடும்பகல் இரகம் ஒன்றைக் கோயம்புத்தூரில் விதைத்தால், செடி இலைவிட்டுக்கொண்டே இருக்கும். குமிழைக் காண இயலாது. நம் நாட்டுக் குறும்பகல் இரகத்தை இளவேனிலில் அங்கு விதைத்தாலோ, போதிய இலைகள் தோன்றுமுன்பே குமிழ்கட்டத் தொடங்கிக் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். இரண்டு விதையும் பழுதற்றவையே; இடம் மாறியமையே பழுது. நம் நாட்டிலேயே காசுமீரம் போன்ற வடபால் மலைநாடுகளில் நெடும்பகல் இரகங்கள் பயிராவதும், தக்காணத்துச் சமவெளியில் குறும்பகல் இரகங்கள் பயிராவதும் இக்காரணம் பற்றியே.

பகலின் நீளம் ஒன்றே போதுமாயின் ஆராய்ச்சி எளிதாகிவிடும். ஒரே அகலாங்கில் உள்ள இரண்டு ஊர்களுக்கு ஒரே இரகத்தைக் கொடுத்துவிடலாம். ஆனால் வெப்பம் மிகுந்தால் குமிழ்கட்டுதல் விரைந்துவிடும். ஓரளவு வளர்ந்த செடி நெடுநாள் குளிரில் நிற்க நேர்ந்தால், குமிழைப் பெருக்காமல் பூந்தண்டு விடும். வெங்காயத்தின் வேர் ஆழச் செல்வதன்று, மேல்மண்ணிலேயே பரவுவது. ஆதலால் நீர் தேங்கினாலும் வாடும். சில நாள் நீர் இல்லையாயினும் வாடும். மழைக்காலத்தில் இலைகளில் ஊதாப் புள்ளி நோய் பரவும். வறண்ட நாள்களில் இலைப்பேன் சாற்றை உறிஞ்சும். ஓர் இரகம் நோயைத் தாங்கும். மற்றோர் இரகம் வறட்சியைத் தாங்கும். எல்லாவற்றையும் ஒருங்கே தாங்கவல்லதைத் தேடுவதுதான் இவ்வாய்வின் நோக்கமாகும்.

நம் நாட்டில் வெங்காயம் மிகுதியாக விளையும் மாநிலம் மகாராட்டிரம். அங்கே ஓராண்டில் மூன்று பருவங்களில் அதனைப் பயிரிடுகின்றனர். காரிப் எனப்படும் கார்ப்பருவ நடவு சூலை, ஆகசுட்டுத் திங்களில் நடைபெறும். அடுத்தது பின்கார்ப் பருவம். மூன்றாவதான இராபிப் பருவத்தில் திசம்பர், சனவரித் திங்களில் நட்டு, கோடையின் தொடக்கத்தில் அறுவடை செய்வர். இராபிப் பயிரே அளவிற் பெரியது. சேமிப்பில் நிற்பதும் அதுவே. வரும் கார்ப்பருவ அறுவடை வரையில் நாடு அதனை நம்பியே சமைக்கின்றது. என்-53 என்னும் பழைய இரகம் கார்ப்பருவத்திற்கு ஏற்றது. என்-2-4-1 என்னும் இரகம் இராபிப் பருவத்திற்கு ஏற்றது. ஒரே மாவட்டம், ஒரே மண், ஒரே உழவர். பருவம் மாறியவுடன் இரகமும் மாறவேண்டியிருப்பதைக் காண்க.

இப்பருவங்களுள் ஒன்று பிழைத்தால் விளைவு என்ன ஆகும் என்பதை நாடு பன்முறை கண்டுள்ளது. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெங்காய விலை ஏறிய ஏற்றம், அவ்வாண்டு நடைபெற்ற தில்லிச் சட்டமன்றத் தேர்தலில் பெரிய பேச்சுப்பொருளாயிற்று. 2019-இல் பெருமழையால் கார்ப்பயிர் கெட்டது. விலை உயர்ந்தமையால், செப்டம்பர் 29-ஆம் நாள் நடுவண் அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. விளைச்சல் பெருகிய ஆண்டுகளிலோ விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் போதாமல் உழவர் கலங்குகின்றனர். மிகையும் குறையுமாக ஆடும் விளைச்சல் இரு சாராருக்கும் இடர் விளைவிக்கின்றது. எனவே, 'எவ்வளவு விளையும்?' என்னும் வினாவுக்கு அடுத்தபடியாக, 'எவ்வளவு நிலையாக விளையும்?' என்னும் வினாவும் எழுந்தது.

இவ்வினாவை ஆராயும் நிலையங்களுள் தலையாயது மகாராட்டிரத்தில் இராசகுருநகரில் உள்ள வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகம். பகத்சிங்குடன் 1931-இல் தூக்குமேடை ஏறிய இராசகுரு பிறந்த ஊர் அது. பீமா ஆற்றின் கரையில் அமைந்தது. 1994-இல் நாசிக்கில் தேசிய ஆராய்ச்சி மையமாகத் தோன்றி, பின்னர் இவ்வூருக்கு மாறி, 2008-இல் இயக்குநரகமாக உயர்ந்தது. பீமா சூப்பர், பீமா கிரண், பீமா சக்தி முதலாகப் பீமா என்னும் பெயர் தாங்கிய இரகங்கள் இங்கே உருவானவை. பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா கல்யாண், அர்க்கா நிகேதன் முதலிய இரகங்களை அளித்துள்ளது. எங்கு உருவானதாயினும், ஓர் இரகம் பிறந்த மண்ணிலே சிறந்து விளைவது அதற்குப் பெருமையன்று. தாய்வீட்டில் பெற்ற புகழைப் போன்றதே அது. வேறு பல ஊர்களிலும் அனைத்திந்திய ஆய்வுத்திட்டத்தின்கீழ் அதனை நட்டுப் பார்த்த பின்னரே அதன் தகுதியைத் துணிகின்றனர்.

அங்ஙனம் நட்டுப் பார்க்கும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் ஆய்வின் நேர்மை முழுவதும் அதிலேயே உள்ளது. பத்து இரகங்களை ஒப்பிட வேண்டும் என்று கொள்வோம். ஒரு வயலைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியில் ஒவ்வோர் இரகத்தை நட்டு நிறுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. வாய்க்காலை ஒட்டிய பாத்தி செழிக்கும், மேட்டுப்பாத்தி வாடும். நிறுக்கும்போது நாம் இரகத்தை நிறுத்தோமா, மண்ணை நிறுத்தோமா என்பது விளங்காது. ஆகவே வயலை முதலில் மூன்று அல்லது நான்கு தொகுதிகளாக வகுப்பர். ஒரு தொகுதிக்குள் மண் ஏறக்குறைய ஒரு தன்மையதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் பத்து இரகங்களும் ஒவ்வொரு பாத்தி பெறும். எந்த இரகத்திற்கு எந்தப் பாத்தி என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாகாது. திருவுளச்சீட்டுப் போன்ற குலுக்கலால் முடிவு செய்தல் வேண்டும். ஆய்வாளர் தாம் உருவாக்கிய இரகத்தின்மேல் பற்றுக்கொள்வது இயல்பு. அவரையறியாமலே அதற்கு நல்ல பாத்தி போய்ச் சேர்ந்துவிடும். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியேற்ற ரொனால்டு பிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர் இம்முறையை வயலாய்வுக்கு இன்றியமையாததாக்கினார். ஊராட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலையிட்ட உத்திரமேரூர் மக்களுக்கு இதன் நயம் எளிதில் விளங்கியிருக்கும்.

நாற்றின் வயது எல்லா இரகங்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமை நாற்றை நடுவர். செடிக்குச் செடி இடைவெளியும், எருவும், நீரும் ஒத்திருத்தல் வேண்டும். நன்கறியப்பட்ட பழைய இரகம் ஒன்று அளவுகோலாக எல்லா ஊர்களிலும் உடன் நிற்கும். பாத்தியின் ஓர வரிசைகளை எடையிற் சேர்ப்பதில்லை. அவை காற்றும் ஒளியும் மிகுதியாகப் பெறுபவை. தாள் மடிந்த பின்னர்ப் பறித்து, உலர்த்தி, தாளரிந்து நிறுப்பர்.

நிறுத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. மொத்த எடை வேறு. விலைபோகும் எடை வேறு. இரட்டையாகப் பிளந்த குமிழ், கழுத்துத் தடித்து மூடாத குமிழ், பூந்தண்டு விட்ட குமிழ் ஆகியவற்றைத் தனியே பிரித்துவிடுவர். மொத்த எடையில் முதலிடம் பெற்ற இரகம் இப்பிரிவுக்குப் பின்னர் மூன்றாமிடத்திற்கு இறங்குவதும் உண்டு. இராபிப் பருவ இரகங்களாயின் ஆய்வு அத்துடனும் முடிவதில்லை. காற்றோட்டமுள்ள கொட்டகையில் அவற்றைப் பரப்பி வைத்து, திங்கள்தோறும் நிறுத்து, முளைத்ததும் அழுகியதும் வாடியதும் எவ்வளவு எனக் கணக்கிடுவர்.

இவ்வாறு பல ஊர்களிலும், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளிலும் திரட்டிய எண்களைக் கொண்டு எவ்வாறு முடிவு காண்பது? அ, ஆ, இ என மூன்று இரகங்களை நான்கு ஊர்களில் ஆய்ந்ததாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்தின்பொருட்டு நாம் அமைத்துக்கொண்டவை. ஹெக்டேருக்கு இத்தனை டன் என்னும் கணக்கில் உள்ளவை. முதலூரில் அ 41, ஆ 29, இ 20 விளைந்தன. இரண்டாமூரில் அ 29, ஆ 26, இ 20. மூன்றாமூரில் அ 19, ஆ 22, இ 19. நான்காமூரில் அ 7, ஆ 19, இ 19. சராசரி காண்போம். அ என்பதற்கு 24. ஆ என்பதற்கும் 24. இ என்பதற்கு 19½.

சராசரியை மட்டும் நோக்கினால் அகரமும் ஆகாரமும் ஒரே தரத்தன. ஆனால் நான்காமூர் உழவருக்கு அகரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர் வீட்டுக்கு வருவது 7 டன். நாற்றுச் செலவுக்கும் அது காணாது. சராசரி 24 என்னும் ஆறுதல் அவர் கடனை அடைக்காது. முதலூர் உழவருக்கு ஆகாரத்தைக் கொடுத்தாலும் இழப்பே. கிடைத்திருக்கக்கூடிய 12 டன்னை அவர் இழந்தவராவார். இவ்வாறு ஊருக்கு ஊர் இரகங்களின் வரிசை மாறுவதை இடைவினை என்று புள்ளியியலார் கூறுவர்.

இதனை அளக்க ஓர் எளிய வழியைப் பின்லே, வில்கின்சன் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்டனர். ஆசுதிரேலியாவின் அடிலெய்டு நகரில் பணியாற்றிய இவர்கள் 277 பார்லி இரகங்களைப் பல பருவங்களில் மூன்று இடங்களில் விளைவித்து ஆராய்ந்தவர்கள். ஓர் இடம் வளமானதா அன்றா என்பதை மண்ணாய்வாலும் மழைமானியாலும் தனித்தனியே அளந்து இணைப்பது அரிது. அவ்விடத்தில் விளைந்த எல்லா இரகங்களின் சராசரியே அதன் வளத்திற்கு அளவாகட்டும் என்றனர். நம் எடுத்துக்காட்டில் நான்கு ஊர்களின் சராசரி முறையே 30, 25, 20, 15 ஆகும். இவற்றைக் கிடைக்கோட்டிலும் ஓர் இரகத்தின் விளைச்சலைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துப் புள்ளிகளினூடே நேர்கோடு வரைந்தால், அதன் சாய்வு அவ்விரகத்தின் இயல்பைக் காட்டும். கணக்கிட்டால் அகரத்தின் சாய்வு 2.24, ஆகாரத்தின் சாய்வு 0.68, இகரத்தின் சாய்வு 0.08. வரைகட்டத் தாளில் நீங்களே வரைந்து பார்க்கலாம்.

சாய்வு ஒன்று எனில், ஊர் வளம் ஒரு பங்கு உயர இரகமும் ஒரு பங்கு உயர்கின்றது என்பது பொருள். ஒன்றை மிகவும் விஞ்சிய அகரம், வளமான நிலத்தில் வாரி வழங்கி, மெலிந்த நிலத்தில் கைவிடும் இயல்பினது. ஆகாரம் மெலிந்த நிலத்திலும் ஓரளவு கொடுத்து, வளமான நிலத்திலும் ஓரளவு உயர்கின்றது. இகரமோ எங்கும் மாறுவதேயில்லை. நிலைபேறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் இகரமே சிறந்தது என மயங்கலாகாது. நல்ல நீரும் எருவும் இட்டாலும் 20 டன்னுக்கு மேல் தர மறுக்கும் இரகத்தின் நிலைபேறு, என்றும் ஏழையாகவே இருப்பவனின் நிலைபேற்றைப் போன்றது. சராசரியையும் சாய்வையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

1966-இல் எபர்ஹார்ட்டு, ரசல் என்னும் அமெரிக்க அறிஞர் மக்காச்சோளத்தை ஆராய்ந்தபோது, இதனுடன் மூன்றாவது அளவு ஒன்றைச் சேர்த்தனர். புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்கின்றனவா, அன்றி விலகிச் சிதறுகின்றனவா என்பதே அது. சிதறினால் அவ்விரகத்தின் நடத்தையை முன்கூட்டி உரைக்க இயலாது. பின்வந்தோர் கணிப்பொறியின் துணையால் இன்னும் நுட்பமான முறைகளை வகுத்துள்ளனர். எனினும் இவ்விருவகை ஆய்வும் இன்றளவும் வழக்கில் உள்ளன.

இவ்வாய்வுகளால் விளையும் பயன், எல்லா ஊர்க்கும் ஓர் இரகத்தை முடிசூட்டுவதன்று. கிணற்றில் நீரும் கையில் பொருளும் உடையவருக்கு அகரத்தைப் பரிந்துரைக்கலாம். மழையை நம்பியிருப்பவருக்கும், ஒரு பருவம் பொய்த்தால் எழுந்து நிற்க இயலாதவருக்கும் ஆகாரமே தக்கது. எவ்விரகம் எவர்க்கு என்று பிரித்துச் சொல்லாத பரிந்துரையை நான் அரைகுறைப் பரிந்துரை என்றே கொள்வேன்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் முதலிய மாவட்டங்களில் பெருகப் பயிராகும் சின்ன வெங்காயத்தில் இவ்வாய்வு மற்றும் ஒரு வகையில் கடினமானது. பெரிய வெங்காயம் விதையால் வளர்வது. சின்ன வெங்காயத்தையோ பெரும்பாலும் விதைக்காயை ஊன்றியே வளர்க்கின்றனர். விதைக்காய் பெரிதாயின் செடி செழிக்கும், சிறிதாயின் மெலியும். முந்திய வயலின் நோயையும் அது உடன்கொண்டு வரக்கூடும். எனவே இரண்டு இரகங்களை ஒப்பிடுமுன், இரண்டின் விதைக்காயும் ஒரே அளவினவாகவும், ஒரே காலம் சேமிப்பில் இருந்தனவாகவும், நோயற்றனவாகவும் அமைதல் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 என்னும் சின்ன வெங்காய இரகம் விதையாலும் பயிராவதால், இவ்விடர்ப்பாடு அதில் ஓரளவு குறைகின்றது.

பெரிய நிலையங்கள் இல்லாத ஊரிலும் உழவர் தம் அளவில் இதனைச் செய்து பார்க்கலாம். புதிய இரகத்தை வயல் முழுவதும் நடாமல், பழைய இரகத்தின் நடுவே வயலின் மூன்று வேறு இடங்களில் சிறு சிறு பாத்திகளாக நடுவார். ஒவ்வொரு பாத்திக்கும் அருகே அதே அளவான பழைய இரகப் பாத்தி ஒன்றைக் குறித்துக்கொள்வார். இரண்டையும் ஒரே நாளில் பறித்து உலர்த்தி, பிளந்ததும் பூத்ததும் நீக்கி நிறுத்து, எடையையும் அப்பருவத்தில் பெய்த மழையையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். மழை நன்கு பெய்த பருவம் ஒன்று, பொய்த்த பருவம் ஒன்று என இருவகைப் பருவத்தின் எடைகளும் அக்குறிப்பேட்டில் சேர்ந்த பின்னரே, பழைய விதையைக் கைவிடலாமா என்பதை அவர் முடிவு செய்வார்.